கை தேடிய கியர்

கல்யாண் கிழக்கில், கோள்சேவாடிப் பக்கம், மூன்றாவது மாடியிலிருக்கும் அந்தச் சின்ன வீட்டின் கூடத்தில் ஒரு பழைய தையல் மெஷின் மேஜை கிடக்கிறது. மெஷின் போய்ப் பல வருஷமாகிறது. இப்போது மேஜை விளிம்பில் கம்ப்யூட்டர் விளையாட்டுக்கான ஸ்டீயரிங் ஒன்று திருகி மாட்டப்பட்டிருக்கிறது. அதன் இடப்பக்கம், ஸ்டீயரிங்குக்குச் சற்றுக் கீழே, குமிழ் வைத்த இரும்புக் கம்பி ஒன்று நீட்டிக்கொண்டிருக்கிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது அதைப் பற்றித்தான். இண்டிகேட்டரா? வைப்பரா?

"கியர்" என்பார் பெரியவர். "பத்மினி கியர்."

கடையில் காசு கொடுத்து வாங்க முடியாத பொருள் அது. 2023ஆம் ஆண்டு ஆகஸ்டுக்கும் அக்டோபருக்கும் இடையே, அந்த வீட்டுக் கூடத்திலும் உல்லாஸ்நகரில் ஒரு வெல்டிங் பட்டறையிலுமாக உருவானது. செய்தவன் பேரன். செய்ததில் பாதியை அழிக்க வைத்தவர் தாத்தா.

பேரனுக்கு அப்போது 17 வயது. டிப்ளமோ எலக்ட்ரானிக்ஸ் இரண்டாம் ஆண்டு. கணிதத்தில் ஒரு கே.டி. பாக்கி. (பெயிலானான் என்பதை மும்பையில் இப்படித்தான் மரியாதையாகச் சொல்கிறார்கள்.) மொபைல் ரிப்பேர் கடையில் உடைந்த திரைகளை மாற்றிச் சம்பாதித்த பணத்தில், டோம்பிவிலியில் ஒரு கல்லூரி மாணவனிடமிருந்து லாஜிடெக் ஜி29 ஸ்டீயரிங்கை இரண்டாம் கையாக வாங்கியிருந்தான். 2015இல் வந்த மாடல். அதற்கு முந்தைய ஜி27 வாங்கினால் கியர் லீவரும் பெட்டியிலேயே வரும். ஜி29இல் அதைத் தனியாகப் பிரித்துவிட்டார்கள். வேண்டுமென்றால் தனி விலை. இல்லாதவர்கள் ஸ்டீயரிங்குக்குப் பின்னால் இருக்கும் இரண்டு தகடுகளை விரலால் தட்டி கியர் மாற்றிக்கொள்ள வேண்டியதுதான். ஃபார்முலா ஒன்றில் இன்று எல்லா ஓட்டுநர்களும் செய்வது அதைத்தான். 1989இல் பிரேசில் பந்தயத்துக்கு பெராரி அந்த ஏற்பாட்டைக் கொண்டுவந்தபோது கார் கடைசிவரை தாங்காது என்றுதான் அணியில் பலரும் நினைத்தார்கள். நைஜல் மான்செல் அதில் ஜெயித்துவிட்டார். அத்தோடு லீவரின் காலம் முடியத் தொடங்கியது.

ஆனால் பையன்களுக்கு லீவர் வேண்டும். அந்த ஆகஸ்டில் 'கிரான் டுரிஸ்மோ' படம் வந்திருந்தது. வீட்டில் விளையாட்டு ஸ்டீயரிங்கைப் பிடித்துப் பழகி, 2011இல் போட்டியில் வென்று, நிஜப் பந்தயக் காருக்குப் போன பிரிட்டிஷ் இளைஞர் யான் மார்டன்பரோவின் கதை. படம் பார்த்துவிட்டு வந்த பேரன் மறுநாளே ஒட்டுப்பலகை, பி.வி.சி. குழாய், சைக்கிள் கைப்பிடி என்று சேகரிக்கத் தொடங்கினான்.

கூடத்தின் இன்னொரு மூலையில் தாத்தா உட்கார்ந்திருந்தார். ஜூன் மாதம், மழை தொடங்கிய வாரத்தில், காலையில் காப்பி குடிக்கும்போது அவருடைய இடக்கையிலிருந்து டம்ளர் நழுவி விழுந்தது. குனிந்து எடுக்கப்போனவர் இடப்பக்கமாகச் சரிந்தார். பக்கவாதம். ஒன்பது நாள் ஆஸ்பத்திரி. பேச்சுக்கு ஒன்றும் ஆகவில்லை. இரண்டு மாதத்தில் கால் ஓரளவு திரும்பி, ஊன்றுகோலோடு கழிப்பறை வரை போய் வர முடிந்தது. கை மட்டும் மடியில் கிடந்தது, யாரோ வைத்துவிட்டுப் போன பொருள் மாதிரி.

வாரம் இருமுறை ஒரு பிசியோதெரபிஸ்ட் பெண் வீட்டுக்கு வந்தார். ரப்பர் பந்தை அழுத்தச் சொன்னார். ஒரு தட்டிலிருந்து இன்னொரு தட்டுக்கு ராஜ்மாப் பருப்பை எடுத்துப் போடச் சொன்னார். அவர் வாசலைத் தாண்டியதும் பெரியவர் பந்தை உருட்டிவிடுவார். "அறுபத்தாறு வயசுல என்னைப் பருப்பு பொறுக்கச் சொல்லுதா." ஆச்சி கெஞ்சிப் பார்த்தார், திட்டிப் பார்த்தார். காலையில் தானே பணிமனைக்குப் போகும் மகன் இரவில் வந்து "பயிற்சி பண்ணீங்களாப்பா?" என்று கேட்பார். பெரியவர் தொலைக்காட்சியைப் பார்ப்பார்.

இந்தக் கை முப்பது வருஷத்துக்கு மேல் பம்பாயில் டாக்சி ஓட்டிய கை. 1974இல் திருநெல்வேலிச் சீமையிலிருந்து 17 வயதில் ரயிலேறி தாராவிக்கு வந்தவர் அவர். தோல் பதனிடும் இடத்தில் சில வருஷம், பிறகு ஒரு சேட்டின் டாக்சியைக் கழுவி, அதிலேயே ஓட்டப் பழகி, 1979இல் பேட்ஜ் வாங்கினார். மாட்டுங்கா கிங்ஸ் சர்க்கிள் பக்கம் ஸ்டாண்டு. காலையில் பூ மார்க்கெட்டுக்கு வரும் மாமிகள், மதியம் சயான் ஆஸ்பத்திரிக்கு நோயாளிகள், இரவில் தாதர் ஸ்டேஷனுக்குப் பெட்டி படுக்கையோடு ஊருக்குப் போகும் தமிழர்கள். பிற்பாடு கடன் வாங்கி ஒரு 1988 மாடல் பிரீமியர் பத்மினியைச் சொந்தமாக்கிக்கொண்டார். குடும்பம் பெருத்தபோது தாராவி அறையை விட்டுக் கல்யாணுக்குக் குடிபெயர்ந்தார்கள். வண்டியைத் தெரிந்தவர் ஒருவரிடம் சயானில் நிறுத்திவிட்டு லோக்கலில் வந்து போனார்.

பத்மினியைத் தெரியாத தலைமுறை வந்துவிட்டதால் ஒரு விஷயம் சொல்ல வேண்டியிருக்கிறது. இத்தாலி பியட் 1100இன் வழிவந்த அந்த வண்டி மும்பை குர்லாவில் தயாரானது. 1970களின் நடுவில் பத்மினி என்ற பெயர் வந்தது. அதன் கியர் இன்றைய கார்களைப் போல இரண்டு இருக்கைகளுக்கு நடுவே தரையிலிருந்து முளைத்திருக்காது. ஸ்டீயரிங் தண்டிலிருந்து இடப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும். நான்கு கியர், ஒரு ரிவர்ஸ். முன்பக்கம் ஒரே நீள இருக்கை. நடுவில் லீவர் இல்லாததால் டிரைவர் பக்கத்தில் இன்னும் ஓர் ஆளைத் திணிக்கலாம். மும்பை டாக்சிகளுக்கு அது தோதாக அமைந்ததில் ஆச்சரியம் இல்லை.

2008இல் டாக்சிகளுக்கு 25 வருஷ ஆயுள் என்று வரம்பு வந்தது. 2013இல் அது 20 ஆனது. பெரியவரின் வண்டிக்கு எந்தக் கணக்கிலும் தப்ப வழியில்லை. பழைய இரும்புக்குக் கொடுத்துவிட்டு, இன்னொருவருடைய சான்ட்ரோவை ஷிப்டில் ஓட்டப் போனார். முதல் ஒரு மாதம் பட்ட பாட்டை அவரே சிரித்துக்கொண்டு சொல்வார். சிக்னலில் பச்சை விழுந்ததும் இடக்கை தானாக மேலே போகும். அங்கே வைப்பர் கம்பி இருக்கும். மே மாத வெயிலில், ஒரு பொட்டு மழை இல்லாமல், கண்ணாடி மேல் வைப்பர் ஆடும். பின் சீட்டுப் பயணிகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். 2019 வரை ஓட்டினார். ஆனால் தரை கியரைக் கடைசி வரை "அந்தக் கட்டை" என்றுதான் சொன்னார்.

பேரனின் முதல் கியர் அந்தக் கட்டை வகைதான். ஒட்டுப்பலகைப் பெட்டி, மேலே ஆறு முனைகளோடு பள்ளம் வெட்டிய அக்ரிலிக் தகடு, உள்ளே ஒவ்வொரு முனையிலும் ஒரு மைக்ரோ சுவிட்ச். வேலை செய்யும் விதம் எளிது. லீவர் முனைக்குப் போனதும் சுவிட்ச் அழுந்தும். சுவிட்சின் இரண்டு ஒயர்களும் ஒரு பழைய யு.எஸ்.பி. கேம்பேடின் உள்ளே, ஏதோ ஒரு பட்டனின் இரு முனைகளில் சால்டர் செய்யப்பட்டிருக்கும். கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை யாரோ பட்டனை அழுத்திப் பிடித்திருக்கிறார்கள், அவ்வளவுதான். அந்தப் பட்டன்தான் இரண்டாவது கியர் என்று விளையாட்டில் ஒருமுறை சொல்லிவிட்டால் போதும். பட்டன் அழுந்தியிருக்கும் வரை கியர் இருக்கும். விட்டால் நியூட்ரல்.

சர்க்யூட் சரியாகத்தான் வேலை செய்தது. லீவர்தான் தயிர் மத்து மாதிரி ஆடியது. இரண்டாவது நாள் அக்ரிலிக் விரிசல் விட்டது.

"இது கியராலே? ஊறுகாய் ஜாடில அகப்பை போட்ட மாதிரில்லா ஆடுது" என்றார் மூலையிலிருந்து தாத்தா. இரண்டு மாதத்தில் அவர் தானாக வாயைத் திறந்து ஒன்றைப் பற்றிக் கருத்துச் சொன்னது அதுதான் முதல் தடவை.

பேரன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் அவருக்கு இடப்பக்கம் வைத்து, செத்தாற்போல் கிடந்த கையை எடுத்துக் குமிழ் மேல் வைத்தான். கை வழுக்கி விழுந்தது. "கீழ என்னலே வச்சிருக்க? கியரு மேலல்லா இருக்கும்" என்றார் அவர். சொல்லும்போதே அந்தக் கை மடியிலிருந்து எழும்பியது. ஒரு நாலு விரற்கடை இருக்கும். ஸ்டீயரிங் இருந்தால் அதன் இடப்பக்கம் எங்கே இருக்குமோ அந்தத் திசையில் எழும்பி, நடுங்கி, திரும்ப விழுந்தது. பிசியோதெரபிஸ்ட் ஆறு வாரமாகக் கேட்டுக்கொண்டிருந்த அசைவு அது. பார்த்தது ஆச்சி மட்டும்தான். அடுப்பில் பால் பொங்குவதை விட்டுவிட்டு வந்து நின்றார்.

கம்ப்யூட்டருக்கு லீவர் எங்கே இருக்கிறது என்பதில் எந்த அக்கறையும் கிடையாது. தரையில் இருந்தாலும் பட்டன்தான், கூரையில் இருந்தாலும் பட்டன்தான். கம்பெனிக்காரன் விற்கும் லீவரை மேஜை விளிம்பில்தான் மாட்ட முடியும். ஸ்டீயரிங் தண்டில் கியர் வைத்து விற்பவன் யாரும் கண்ணில் படவில்லை. வீட்டில் செய்கிறவனுக்கு அந்தக் கட்டு இல்லை. பேரன் ஒட்டுப்பலகைப் பெட்டியைப் பரண்மேல் போட்டான்.

ஞாயிற்றுக்கிழமை குர்லாவில் இறங்கி, சி.எஸ்.டி. ரோடு பழைய கார் சாமான் கடைகளில் அலைந்தான். பத்மினி என்றதும் மூன்று கடைகளில் சிரித்தார்கள். நான்காவது கடைக்காரர் உள்ளே போய்க் கிரீஸும் தூசியும் அப்பிய ஒரு லீவரைக் கொண்டுவந்து போட்டார். 600 ரூபாய் சொல்லி 350க்குக் கொடுத்தார். "இதை வைத்து என்ன செய்யப்போகிறாய்?" என்று இந்தியில் கேட்டார். "தாத்தாவுக்கு" என்றான் பையன். அதற்குமேல் அவர் கேட்கவில்லை.

லீவர் கிடைத்துவிட்டது. அதன் பின்னாலிருக்கும் வேலை பேரனுக்குத் தெரியாது. சொல்லிக்கொடுத்தது பெரியவர்தான், வலக்கையில் ஒரு கரண்டிக் காம்பைப் பிடித்துக்கொண்டு. ஸ்டீயரிங்குக்குப் பக்கத்தில் ஒரு தண்டு ஓடுகிறது. லீவரைத் தன் பக்கம் இழுத்தாலோ அப்பால் தள்ளினாலோ தண்டு நீளவாக்கில் நகரும். எந்த ஜோடிக் கியர் என்பதை அது தீர்மானிக்கும். லீவரை மேலே தூக்கினாலோ கீழே இறக்கினாலோ தண்டு உருளும். ஜோடியில் எந்தக் கியர் என்பது அப்போது விழும். தரை கியரின் அதே எச் வடிவம்தான். ஒருக்களித்துப் படுக்க வைத்தது, அவ்வளவே.

பேரன் 12 மில்லிமீட்டர் இரும்புத் தண்டு ஒன்றை இரண்டு தாங்கிகளுக்கு நடுவே ஓட விட்டான். தண்டின் அடியில் விரல் போல ஓர் இரும்புத் துண்டு வெல்டிங். அந்த விரல் நுழைந்து திரிய, எச் வடிவில் வெட்டிய 5 மில்லிமீட்டர் இரும்புத் தகடு. முனைகளில் மைக்ரோ சுவிட்ச். சும்மா விட்டால் தண்டு மூன்று-நான்கு பக்கமே நிற்கும்படி ஒரு ஸ்பிரிங். ஒன்று-இரண்டு வேண்டுமென்றால் ஸ்பிரிங்கை எதிர்த்து இழுக்க வேண்டும். உல்லாஸ்நகர் வெல்டிங்காரர் மூன்று தடவை திருப்பியனுப்பி நான்காவது தடவைதான் தகட்டைச் சரியாக வெட்டிக் கொடுத்தார்.

மாட்டிப் பார்த்ததும் சிக்கியது. லீவர் பாதி வழியில் இறுகி மேலேயும் போகாமல் கீழேயும் வராமல் நின்றது. பையன் தகட்டை அரத்தால் ராவினான். சிக்கல் அதிகமாயிற்று. பெரியவர் நாற்காலியை அருகில் இழுத்துப் போடச் சொல்லி, வலக்கையால் தண்டைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். "தகட்டுல ஒண்ணும் இல்ல. தண்டு ஆடுது பாரு. புஷ் இல்லாம விட்டிருக்க."

அது அவருக்குப் புத்தகப் பாடம் இல்லை. பத்மினியில் இணைப்புக் கம்பிகளின் புஷ் தேய்ந்துவிட்டால் கியர் நடுரோட்டில் பூட்டிக்கொள்ளும். பின்னால் பெஸ்ட் பஸ் ஹாரன் அடிக்க, டிரைவர் இறங்கி, பானெட்டைத் திறந்து, கையை உள்ளே விட்டு, கம்பியை ஒரு தட்டுத் தட்டி விடுவிக்க வேண்டும். பழைய டாக்சிக்காரர்கள் எல்லோரும் செய்தது. லாமிங்டன் ரோட்டில் சுவிட்ச் வாங்கப் போன நாளில் பேரன் நைலான் புஷ்ஷும் தேடினான். அங்கே கிடைக்கவில்லை, டோம்பிவிலியில் ஒரு லேத் பட்டறையில் கடைந்து தந்தார்கள். போட்டதும் சிக்கல் போயிற்று.

பிறகு 'விழுகிற' பிரச்சினை. கியர் விழுந்தால் கைக்குத் தெரிய வேண்டும் என்பது பெரியவரின் பிடிவாதம். விளையாட்டுக்கு அது தேவையே இல்லை. திரையில் எண் மாறினால் போதும். ஆனால் கை எதிர்பார்ப்பது எண்ணை அல்ல. சிறு எதிர்ப்பு, அதைத் தாண்டியதும் ஒரு பள்ளம், பள்ளத்தில் 'டக்' என்று உட்காருதல். நிஜ கியர்பாக்ஸில் குண்டும் ஸ்பிரிங்கும் பள்ளமும் சேர்ந்து செய்கிற வேலை அது. தண்டில் மூன்று பள்ளம் ராவி, சைக்கிள் கடைக் குண்டு ஒன்றை ஸ்பிரிங் வைத்து அதில் அழுத்தினான் பேரன். இதில் அவனுக்கே ஒரு லாபம் கிடைத்தது. குண்டு இல்லாதபோது லீவர் நடுங்கி, சுவிட்ச் கண நேரம் விட்டு விட்டுப் பிடித்து, விளையாட்டில் வண்டி நியூட்ரலுக்குப் போய் என்ஜின் அலறிக்கொண்டிருந்தது. குண்டு உட்கார்ந்ததும் அலறல் நின்றது. கைக்காகச் செய்தது கம்ப்யூட்டருக்கும் நல்லதாயிற்று.

பிசியோதெரபிஸ்ட் பெண் வந்து இதைப் பார்த்தபோது முதலில் பேசவில்லை. பெரியவரை ஸ்டீயரிங் முன்னால் உட்கார வைத்து, பத்துத் தடவை கியர் போடச் சொன்னார். போட்டார். "நீங்கள் கையால் போடவில்லை, முதுகால் போடுகிறீர்கள்" என்றார் அந்தப் பெண். உண்மைதான். உடம்பையே முன்னும் பின்னும் ஆட்டி லீவரை நகர்த்திக்கொண்டிருந்தார். ஒரு பழைய துப்பட்டாவை எடுத்து அவர் நெஞ்சைச் சுற்றி நாற்காலி முதுகோடு கட்டினார். இப்போது லீவர் அசையவே இல்லை. ஸ்பிரிங்கை லேசாக்கு என்றார் பையனிடம். லேசாக்கினால் விழுவது தெரியாது என்றார் பெரியவர். கடைசியில் ஒரு போல்ட்டைத் திருகி ஸ்பிரிங் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும்படி செய்தான். மெல்லிய குமிழை விரல்கள் பற்றவில்லை என்பதால் அதன்மேல் கிரிக்கெட் மட்டையின் ரப்பர் கிரிப்பை இரண்டு சுற்றுச் சுற்றினார்கள். பெரியவருக்கு அதில் அவமானம். "பத்மினிக்குப் பேண்டேஜ் போட்டாச்சு" என்றார்.

ராஜ்மாப் பருப்பு திரும்ப டப்பாவுக்குப் போயிற்று. காலையில் நூறு, மாலையில் நூறு தடவை கியர். ஆச்சி தினசரித் தாளில் கோடு போட்டு எண்ணினார்.

விழாதது கியர் அல்ல, விரல்கள்தான் என்பது செப்டம்பரில் தெரிந்தது. கை எழும்பிப் போய் லீவரைப் பற்றியது. ஸ்பிரிங்கை எதிர்த்து இழுத்தது. முதல் கியர், இரண்டாவது கியர் விழுந்தன. பிறகு குமிழை விட மறுத்தது. பிடிக்கத் தெரிந்த விரல்களுக்கு விரியத் தெரியவில்லை. பக்கவாதம் வந்த பலருக்கு இது இப்படித்தான் என்று பிசியோதெரபிஸ்ட் விளக்கினார். மடக்கும் பலம் முதலில் வரும், விரிக்கும் பலம் மெதுவாக வரும், சிலருக்கு வராமலும் போகும். ஒவ்வொரு கியருக்கும் வலக்கை ஸ்டீயரிங்கை விட்டு வந்து இடக்கை விரல்களை ஒவ்வொன்றாகக் கழற்றிவிட வேண்டியிருந்தது. அதற்குள் திரையில் வண்டி ஏதாவது சுவரில் முட்டியிருக்கும்.

பையனின் தகப்பனார் இதையெல்லாம் முழுதாக அறிந்தது விநாயகர் சதுர்த்தி அன்று. கணபதி வருவதற்குள் கே.டி. வைத்திருக்கும் பையன் அந்தச் சக்கரத்தை விற்றுவிட வேண்டும் என்று ஜூலையிலேயே உத்தரவு போட்டிருந்தவர் அவர். லீவு நாளில் வீட்டிலிருந்து, தன் அப்பாவை நாற்காலியில் துப்பட்டாவால் கட்டி வைத்திருப்பதைப் பார்த்து முதலில் கத்தினார். பிறகு கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். உத்தரவு வாபஸ் ஆகவில்லை. விற்பனை பரீட்சை முடிவு வரை தள்ளிவைக்கப்பட்டது.

மாலை நேரங்களில் தாத்தா ஓய்வெடுக்கும்போது பேரன் பந்தயம் ஓட்டுவான். தனக்குத் தெரிந்த கதைகளைத் தமிழும் இந்தியும் கலந்து சொல்வான். 1991 பிரேசில் பந்தயத்தில் அயர்டன் சென்னாவின் மெக்லாரனில் கியர்கள் ஒவ்வொன்றாகச் செத்துப்போய், கடைசிச் சுற்றுகளை ஆறாவது கியரிலேயே ஓட்டி ஜெயித்த கதையை ஒருநாள் சொன்னான். கையும் தோளும் இறுகிப்போய், கோப்பையைத் தூக்கவே சென்னா திணறினார் என்றான்.

பெரியவர் கவனமாகக் கேட்டார். "சயான்லேர்ந்து நாக்பாடா வரைக்கும் ஒரே கியர்ல நான் ஓட்டிருக்கேன். பின்னால பிள்ளைத்தாச்சி. எனக்கு எவன்லே கோப்பை கொடுத்தான்?"

பந்தய விளையாட்டு அவருக்குச் சரிப்படவில்லை. வேகம் ஒரு காரணம். போக இடமில்லாமல் ஒரே வட்டத்தைச் சுற்றிச் சுற்றி வருவது இன்னொரு காரணம். "சவாரி இல்லாம என்ன ஓட்டு?" பேரன் தேடி, நகரச் சாலைகளில் சிக்னலும் பாதசாரிகளும் நெரிசலுமாக ஓட்டும் ஒரு விளையாட்டைப் போட்டான். சாலையின் இடப்பக்கம் ஓட்டும்படி அதை மாற்றி வைத்தான். எல்லாம் ஏதோ வெளிநாட்டு ஊர். பெரியவருக்கு முதல் நாளே சந்தேகம். "ஒருத்தனும் ஹாரன் அடிக்கலையே. ஊர்ல யாரும் செத்துட்டானா?" பாதசாரிகள் கோடு போட்ட இடத்தில் மட்டும் சாலையைக் கடப்பதை அவர் கடைசி வரை நம்பவில்லை. ஒவ்வொரு தெருமுனையிலும் யாராவது குறுக்கே பாய்வார் என்று காலை பிரேக் மேல் வைத்திருந்தார்.

இடக்காலும் சும்மா இருக்கவில்லை. விளையாட்டில் கிளட்ச் இல்லாமலும் கியர் மாற்றும்படி வைத்துக்கொள்ளலாம்; பேரன் அப்படித்தான் வைத்திருந்தான். ஆனால் முப்பது வருஷம் ஓட்டிய காலுக்கு அது தெரியாது. கை லீவருக்குப் போகும்போதெல்லாம் பலவீனமான அந்தக் கால் தரையைத் தேய்த்துக்கொண்டு கிளட்ச்சைத் தேடியது. கவனித்த பேரன் பெடலை அங்கே நகர்த்தி வைத்து, கிளட்ச்சையும் இயங்க விட்டான். அன்றைக்கு வண்டி பதினேழு தடவை நின்றுபோனது. ஆச்சியின் கணக்கு.

கை முழுதாகத் திரும்பியது என்று சொல்ல முடியாது. அக்டோபர் கடைசியில் நான்காவது கியர் பத்துக்கு ஆறு தடவை விழுந்தது. சட்டைப் பொத்தான் போட இன்னும் ஆச்சிதான் வர வேண்டும். ஆனால் கிரிக்கெட் கிரிப்பை அவர் கழற்றச் சொல்லிவிட்டார். கறுப்புக் குமிழ் வெறுமையாக நின்றது.

அக்டோபர் 30ஆம் தேதி பத்திரிகைகளில் அந்தச் செய்தி வந்திருந்தது. மும்பையின் கடைசி பத்மினி டாக்சி, 2003 அக்டோபர் 29 அன்று டார்டேவ் ஆர்.டி.ஓ.வில் பதிவானது, 20 வருஷ ஆயுள் முடிந்து சாலையை விட்டுப் போகிறது. பேரன் மொபைலில் படத்தைப் பெரிதாக்கிக் காட்டினான். கறுப்பு-மஞ்சள் வண்டி, பக்கத்தில் அதன் டிரைவர். பெரியவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஆளைப் பார்த்தார். தெரிந்த முகம் இல்லை. வண்டிக்குள்ளே எடுத்த படம் இருக்கிறதா என்று கேட்டார். இருந்தது. லீவரைத்தான் பார்க்கிறார் என்று பேரனுக்குப் புரிந்தது.

"புஷ் மாத்தியிருக்க மாட்டான்" என்றார்.

மொபைலைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஸ்டீயரிங் பக்கம் திரும்பினார். திரையில் சிக்னல் சிவப்பில் இருந்தது. பச்சை விழுந்ததும் கால் அழுத்த, கை மேலே போய் லீவரை இழுத்தது. முதல் கியர். வண்டி நகர்ந்தது. கை குமிழிலேயே நின்றது. பேரன் வழக்கம்போல விரல்களைக் கழற்றக் குனிந்தான். "இரு" என்றார். மெதுவாக, சுண்டுவிரலிலிருந்து தொடங்கி, விரல்கள் ஒவ்வொன்றாக விரிந்தன. கை லீவரைவிட்டு விழுந்து, ஸ்டீயரிங் விளிம்பில் இடித்து, அங்கேயே தொற்றிக்கொண்டது. பின்னால் ஒரு வண்டி வந்துகொண்டிருந்தது. இரண்டாவது கியர் போட வேண்டியிருந்தது.

"கணக்குப் பரீட்சை என்னைக்கு?" என்று கேட்டார், திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

"அடுத்த மாசம், தாத்தா."

"அப்ப போய்ப் படி. இதை அணைக்காம போ."